லேயர்களுக்குள் ஒளிந்திருக்கும் அச்சுக்கட்டை

பிறந்தநாள் அழைப்பிதழ், விசிட்டிங் கார்டு, கடைத் திறப்பு விழா நோட்டீஸ் என்று பலவற்றையும் இப்போது வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வடிவமைத்து விடுகிறோம். மானிட்டரில் பளிச்சென்று இருந்த டிசைன், பிரஸ்ஸிலிருந்து வரும்போது மங்கிப் போயிருக்கும். கறுப்பு எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பு நிழல் தெரியும். பிரஸ்காரரைக் கோபித்துக் கொள்வோம். ஆனால் பல சமயம் இதற்கான காரணம் நாம் கொடுத்த பைலுக்குள்ளேயே இருக்கும்.

நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன். என் சித்தி மகள் சென்னையில் டிசைன் படிக்கிறாள். சென்ற செமஸ்டரில் அவளுக்கு ஒரு பிராஜக்ட். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக் கூழைக்கடாவை வைத்து இரண்டு போஸ்டர்கள் செய்ய வேண்டும்: ஒன்று லினோகட் முறையில் கையால், மற்றொன்று கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டர் வேலைக்கு உதவத்தான் என்னைக் கூப்பிட்டாள். நான் அதிகம் கற்றுக்கொண்டதோ அவளுடைய கைவேலையிலிருந்துதான்.

லினோகட் எப்படி வேலை செய்கிறது?

லினோலியம் ஷீட்டில் படத்தை வரைந்து, மை படக்கூடாத இடங்களைச் சிறு உளியால் செதுக்கி எடுக்க வேண்டும். மேடாக நிற்கும் பகுதியில் ரோலரால் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் படம் பதிந்துவிடும். ரப்பர் ஸ்டாம்ப் வேலை செய்வதும் இப்படித்தான். அச்சில் இடம் வலமாகிவிடும் என்பதால், எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் செதுக்க வேண்டும்.

அவள் செய்தது 'ரிடக்‌ஷன்' என்ற முறை. பிக்காசோ 1950களின் கடைசியில் இந்த முறையில் பல படங்கள் செய்திருக்கிறார். எல்லா வண்ணத்துக்கும் ஒரே கட்டைதான். தாளின் வெள்ளையாகவே இருக்க வேண்டிய இடத்தை முதலில் செதுக்கி, எல்லாத் தாள்களிலும் மஞ்சளை அச்சடிக்க வேண்டும். பிறகு மஞ்சளாக நிற்க வேண்டிய இடத்தையும் செதுக்கிவிட்டு, மேலே நீலம் அடிக்க வேண்டும். மை மெல்லியதாக இருந்தால் மஞ்சள் மேல் நீலம் விழுந்து பச்சையாகும். கடைசியாகக் கறுப்பு.

இதில் 'அன்டூ' கிடையாது. நீலத்துக்காகச் செதுக்கிய பிறகு, "இன்னும் பத்து பிரதி வேண்டும்" என்று மஞ்சளுக்குத் திரும்ப முடியாது. எத்தனை பிரதி என்பதை முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும். அவள் 20 தாள்களில் ஆரம்பித்தாள். வண்ணம் விலகியது, மை திட்டானது எல்லாம் போக 13 தேறின.

கம்ப்யூட்டர் போஸ்டர் இதற்கு நேர் எதிர். அவளுடைய போல்டரில் 'பைனல்', 'பைனல் 2', 'ரியல் பைனல்' என்று 17 பைல்கள் இருந்தன. "அண்ணா, எதைக் கொடுக்கிறதுன்னே தெரியலை" என்றாள். லினோவுக்கு எடுத்த முடிவையே இங்கேயும் எடுக்கச் சொன்னேன்: மொத்தம் மூன்று வண்ணம், ஒரு வண்ணத்துக்கு ஒரு லேயர், அதற்கு மேல் கிடையாது. அன்று மாலைக்குள் போஸ்டர் முடிந்துவிட்டது.

நம் பைலுக்கு இதனால் என்ன பயன்?

ஆப்செட் பிரஸ்ஸிலும் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி பிளேட் உண்டு. சையான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள் சிறு சிறு புள்ளிகளாக விழுந்து நம் கண்ணில் கலக்கின்றன. அச்சான பத்திரிகைப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் தெரியும். மானிட்டரோ சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளியைக் கலக்கிறது. ஒளியில் கிடைக்கும் சில பளீர் பச்சைகளும் நீலங்களும் மையில் கிடைக்காது. டிசைன் மங்குவது இதனால்தான்.

நான்கு பிளேட்டுகளும் மயிரிழை விலகாமல் விழுவது கடினம். ஆர்.ஜி.பி.யில் செய்த கறுப்பை சி.எம்.ஒய்.கே.வாக மாற்றும்போது, அது பெரும்பாலும் நான்கு மைகளின் கலவையாகிவிடுகிறது. பிளேட் சற்றே விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் எட்டிப் பார்க்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. இலவச சாப்ட்வேரான கிம்ப்பில் ஒரு படத்தைத் திறந்து, இமேஜ் மெனுவில் மோட், இன்டெக்ஸ்டு என்று போய் வண்ணங்களின் எண்ணிக்கையை 4 ஆக்குங்கள். வெள்ளைத் தாளோடு மூன்று மை என்றால் படம் எப்படி இருக்கும் என்று ஓரளவு புரிந்துவிடும்.

2. ஒரு டிசைனில் ஒவ்வொரு வண்ணத்தையும் தனி லேயரில் வையுங்கள். ஏதாவது ஒரு லேயரை மட்டும் 3 பிக்சல் நகர்த்துங்கள். 300 டி.பி.ஐ.யில் இது கால் மில்லிமீட்டர்தான். ஆனாலும் வெள்ளைக் கோடு தெரிகிறதா? வெளிர் வண்ணம் அடர் வண்ணத்தின் அடியில் கொஞ்சம் நீண்டிருக்கும்படி வைத்தால் அந்தக் கோடு மறைந்துவிடும்.

3. சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் கொடுங்கள். இதற்கும், சி.எம்.ஒய்.கே. பி.டி.எப். தயாரிக்கவும் இலவச சாப்ட்வேரான ஸ்க்ரைபஸ் போதும்.

4. விசிட்டிங் கார்டு 3.5 அங்குலத்துக்கு 2 அங்குலம் என்றால், 300 டி.பி.ஐ.யில் 1050 x 600 பிக்சல் வேண்டும். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க, பின்னணி வண்ணத்தைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் அதிகம் விடுங்கள்.

5. இங்க்ஸ்கேப்பில் தமிழ் எழுத்துகளை அமைத்திருந்தால், பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து விடுங்கள். உங்கள் பான்ட் பிரஸ்ஸில் இல்லாவிட்டாலும் எழுத்து உடையாது. அதற்கு முன் எழுத்துப்பிழை பார்த்துவிடுங்கள். பிறகு திருத்த முடியாது.

இன்னொன்று. லினோவில் மெய்யெழுத்தின் புள்ளியைச் செதுக்குவதுதான் பெரும்பாடு. சுற்றிலும் வெட்டி எடுத்தபின் கடுகளவு மேடு மட்டும் நிற்கும்; உளி பட்டால் பெயர்ந்துவிடும். மெய்யெழுத்தின் தலையில் விழும் புள்ளியும், 'ணை'யின் சுழிகளும் அச்சில் தப்பிக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதனால் நான் இப்போது அச்சுக்கான தமிழில் மிக மெல்லிய பான்ட்டுகளைத் தொடுவதில்லை. சிறு எழுத்தை அடர் பின்னணியில் வெள்ளையாக விடுவதும் இல்லை.

அடுத்த அழைப்பிதழைத் தொடங்கும்போது மவுஸைத் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். எத்தனை மை, எது முதலில், எது கடைசியில் என்று அதில் எழுதுங்கள். எழுத ஐந்து நிமிடம் ஆகும். 500 பிரதிகளை மறுபடி அடிக்கும் செலவு மிச்சமாகும்.