தகுதிச் சான்றும் உள்ளூர்ப் பட்டறையும்

சந்தைக்குப் புறப்படும் வண்டிக்காரர் கடையாணியைக் கையால் தொட்டுப் பார்த்த பின்னரே மாட்டைப் பூட்டுவது நம் கிராமங்களின் பழைய வழக்கம். அச்சு முறிந்தாலும், சக்கரத்தின் இரும்புப் பட்டை தளர்ந்தாலும், ஊர்த் தச்சரும் கொல்லரும் அதனைச் செப்பனிட்டுக் கொடுத்து வந்தனர். இன்று நெல் மூட்டைகளை டிராக்டரும், காய்கறிகளைச் சரக்கு ஆட்டோவும், பள்ளிக் குழந்தைகளை வேனும் சுமந்து செல்கின்றன. வண்டி மாறியதே ஒழிய, புறப்படுமுன் பார்த்தல் என்னும் கடமை மாறவில்லை. வேகமும் பாரமும் பெருகியதால் அக்கடமையும் பெருகியிருக்கிறது.

இக்கடமையைத்தான் சட்டம் 'தகுதிச் சான்று' என்னும் பெயரால் வற்புறுத்துகிறது. மக்கள் வழக்கில் இதனை 'எஃப்.சி.' என்பர். இச்சோதனை எவ்வாறு நடைபெறுகிறது, அதற்கு வண்டியை ஆயத்தம் செய்ய எத்தகைய பட்டறையை நாடுவது, பஞ்சாயத்துகள் இதில் என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, சரக்கு ஏற்றுவதற்கோ வாடகைக்கு ஆட்களை ஏற்றுவதற்கோ உபயோகமாகும் போக்குவரத்து வாகனம் ஒவ்வொன்றும் நடப்பிலுள்ள தகுதிச் சான்றைப் பெற்றிருத்தல் வேண்டும். சான்று காலாவதியானால், அவ்வண்டி முறையாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே கருதப்படமாட்டாது. புதிய வண்டிக்கு 2 ஆண்டுகளுக்குச் சான்று உண்டு. பின்னர் வண்டிக்கு 8 வயது நிரம்பும் வரை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் சான்றைப் புதுப்பித்தல் வேண்டும். கிராமங்களில் பலர் பழைய வண்டியை விலைக்கு வாங்கியே தொழில் நடத்துகின்றனர். ஆகவே அவர்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் கடமை என்று கொள்ளலாம்.

சொந்த உபயோகத்துக்குரிய கார், மோட்டார் சைக்கிள், விவசாய டிராக்டர் ஆகியவற்றின் நிலை வேறு. இவற்றின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்தல் வேண்டும். ஆயினும், விவசாயத்திற்கெனப் பதிவு செய்த டிராக்டரில் வாடகைக்குச் செங்கல்லும் ஜல்லியும் ஏற்றுவது பதிவின் நோக்கத்துக்கு மாறானது என்பதைக் குடியானவர்கள் நினைவில் வைத்தல் நலம்.

சோதிப்பவர் வேறு, செப்பனிடுபவர் வேறு

பிரிட்டனில் இத்தகைய வருடாந்தரச் சோதனை 1960-ஆம் ஆண்டில் தொடங்கியது. முதலில் 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களுக்கு மட்டும் இருந்த இவ்விதி, 1967-ஆம் ஆண்டு முதல் 3 ஆண்டுகள் நிறைந்த கார்களுக்கும் விரிவு பெற்றது. அங்கே அரசாங்கத்தின் அனுமதி பெற்ற தனியார் பட்டறைகளே சோதனை செய்து சான்று வழங்குகின்றன. உரிமையாளர் தமக்கு அருகிலுள்ள பட்டறையைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். ஆனால் சோதிக்கும் பட்டறையே செப்பனிடும் பட்டறையாகவும் இருக்குமானால், இல்லாத குறையையும் இருப்பதாகச் சொல்லிவிடுமோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஆகவேதான் வண்டிக்காரர் நின்று சோதனையைப் பார்ப்பதற்கென்று அங்கே தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. செப்பனிடும் வேலையை ஏற்காமல் சோதனை மட்டும் செய்யும் நிலையங்களைச் சிலர் நாடுவதும் இதனாலேயே ஆகும்.

நம் நாட்டு முறை இதனின்றும் வேறுபட்டது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது மக்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று அழைக்கும் அதிகாரி, வண்டியைப் பார்த்துச் சான்று அளிப்பது நெடுநாளைய முறை. இயந்திரங்களின் துணையால் சோதிக்கும் தானியங்கிப் பரிசோதனை நிலையங்களுக்கு மத்திய அரசாங்கம் 2021-ஆம் ஆண்டில் விதிகளை வகுத்தது. இந்நிலையங்கள் சோதனை மட்டுமே செய்தல் வேண்டும். வண்டியைச் செப்பனிடுதலும் உதிரிப் பாகங்கள் விற்பதும் கூடாது என்பது அவ்விதிகளின் முக்கியமான அம்சம்.

எனவே, உள்ளூர்ப் பட்டறைக்காரர் சான்று அளிப்பவர் அல்லர். சான்று பெறத் தகுந்த நிலைக்கு வண்டியைக் கொணர்பவர். 'வண்டியை எடுத்துச் செல்ல வேண்டாம், சான்றை வாங்கி வந்து தருகிறேன்' என்று ஒருவர் கூறுவாராயின், அவர் விற்பது வெறும் காகிதம் என்று அறிந்து விலகிக் கொள்ளல் வேண்டும்.

காகிதம் உயிரைக் காக்காது

சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில் 2012-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இரண்டாம் வகுப்பு படித்த ஒரு சிறுமி, ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து உயிரிழந்தாள். அப்பேருந்துக்குத் தகுதிச் சான்று நடப்பில் இருந்தது. தளத்தில் ஓட்டையும் இருந்தது. இத்துயர நிகழ்ச்சிக்குப் பின்னரே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் அவ்வாண்டிலேயே சிறப்பு விதிகள் இயற்றப்பட்டன.

சான்று என்பது வண்டியின் ஒரு நாளைய நிலையைக் கூறுவது. ஆண்டின் மற்ற நாட்களுக்குப் பொறுப்பு உரிமையாளரையும், ஓட்டுபவரையும், அவர்கள் நாடும் பட்டறையையுமே சாரும். சோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயர்களை வாடகைக்கு வாங்கி மாட்டி, சான்று கிடைத்த மாலையே அவற்றைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதில் ஏமாறுபவர் ஆய்வாளர் அல்லர். மறுநாள் அவ்வண்டியில் நடவுக்கோ சந்தைக்கோ ஏறிச் செல்லும் நம் மக்களே ஏமாறுகின்றனர்.

பணத்தளவிலும் இது நஷ்டமே. தகுதிச் சான்று இல்லாத வண்டியால் விபத்து நேர்ந்த வழக்குகளில், காப்பீட்டு நிறுவனம் முதலில் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் அத்தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தது உண்டு. ஒரு குடும்பத்தின் நிலம் கைவிட்டுப் போவதற்கு இத்தகைய ஒரு தீர்ப்பே போதுமானது.

எவற்றைப் பார்த்தல் வேண்டும்?

பிரேக்: நான்கு சக்கரங்களும் சமமாகப் பிடித்தல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முன்னதாகப் பிடித்தால் வண்டி அப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். டிராக்டரில் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் மிதிகள் உள்ளன. வயலில் திருப்புவதற்கு இது சௌகரியமானது. ஆனால் சாலையில் ஏறுமுன் இரு மிதிகளையும் தாழ்ப்பாளால் ஒன்றாக இணைத்தல் இன்றியமையாதது. இணைக்காமல் வேகமாக ஓட்டி ஒரு மிதியை மட்டும் மிதித்தால் டிராக்டர் கவிழ்ந்துவிடக்கூடும்.

டிரெய்லர்: தனக்கென்று பிரேக் இல்லாத டிரெய்லரின் முழுப் பாரத்தையும் டிராக்டரே நிறுத்த வேண்டியிருக்கிறது. இறக்கத்தில் அப்பாரம் டிராக்டரைப் பின்னிருந்து தள்ளும். இரண்டையும் இணைக்கும் கொக்கியும், அதில் செருகும் இரும்பு ஆணியும் தேய்ந்திருத்தல் ஆகாது. இங்கே அந்த ஆணியே நம் பழைய கடையாணி எனலாம்.

டயர்: தேய்ந்த டயர் மழைநீரை வெளியேற்ற இயலாமல் வழுக்கும். டயரின் பள்ளங்கள் லாரி, வேன் முதலியவற்றுக்கு 1.6 மி.மீ.க்கும், மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மி.மீ.க்கும் குறைதல் கூடாது.

விளக்கும் ஒளிப்பட்டையும்: இரவில் கரும்போ வைக்கோலோ ஏற்றிச் செல்லும் வண்டியில் பின்விளக்கு இல்லாவிடில், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் மிக அருகில் வந்த பிறகே அதனைக் காண்பார். முன்புறம் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்புறம் சிவப்பு என ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டைகளை ஒட்டுவதற்கு ஆகும் செலவு சிறிது. அதனால் விளையும் நன்மை பெரிது.

இவற்றோடு ஸ்டியரிங்கின் ஆட்டம், சக்கர நட்டுகளின் இறுக்கம், ஹாரன், கண்ணாடிகள், வைப்பர், கதவுகளின் தாழ், தளத்தின் உறுதி, புகையின் அளவு ஆகியவையும் கவனத்துக்கு உரியவை.

நல்ல பட்டறையை அறிவது எப்படி?

பெயர்ப் பலகையின் அளவையோ, கேட்கும் கூலியின் குறைவையோ கொண்டு பட்டறையை மதிப்பிடுதல் கூடாது. கீழ்க்கண்ட அடையாளங்கள் உதவியாக இருக்கும்.

1. நல்ல மெக்கானிக், கூலி பேசுமுன் வண்டியைத் தாமே சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பார். ஓட்டுபவர் கூறும் குறைகளைப் பொறுமையுடன் கேட்பார்.

2. வண்டியின் அடியில் இறங்கிப் பார்க்கப் பள்ளமோ, தூக்கி நிறுத்தும் சாதனமோ அப்பட்டறையில் இருக்கும். மேலே வர்ணம் பூசி அனுப்புவதோடு நில்லாமல், சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைத் திறந்து பார்ப்பார்.

3. இன்ன வேலை, இன்ன பாகம், இன்ன விலை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார். வேலை முடிந்தபின் பில் தருவார்.

4. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலேயே எடுத்துக் காட்டுவார்.

5. உடனே செய்ய வேண்டியது எது, ஆறு மாதம் பொறுக்கக்கூடியது எது என்று பிரித்துச் சொல்வார்.

6. இரவல் டயருக்கும் இரவல் கருவிக்கும் உடன்படமாட்டார்.

உள்ளூர்ப் பட்டறையை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்ச் சாலையின் மேடு பள்ளத்தையும், அறுவடைக் காலப் பாரத்தையும் உள்ளூர் மெக்கானிக் அறிவார். சோதனையில் ஏதேனும் குறை கண்டுபிடிக்கப்பட்டால், அன்றே திரும்பி வந்து சரிசெய்துகொள்ளலாம். தினமும் நம் முகத்தில் விழிப்பவர் ஆதலால், தம் வேலைக்குப் பதில் சொல்லும் கடமையும் அவருக்கு உண்டு. எனினும், உத்தரவாதக் காலம் முடியாத புதிய வண்டியைக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறைக்குக் கொண்டு செல்வதே முறை.

காலத்தே செய்தல்

சான்று முடியும் நாளை ஆர்.சி. புத்தகத்தின் அருகில் எழுதி வைத்துக்கொண்டு, ஒன்றரை மாதத்திற்கு முன்பே வேலையைத் தொடங்குதல் வேண்டும். முதலில் வரி, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை நடப்பில் உள்ளனவா என்று பார்த்தல். அடுத்துப் பட்டறையில் காட்டுதல். பின்னர் 'பரிவாஹன்' இணையதளத்தின் வழியே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்துதல் என்பது ஒழுங்கான வரிசை. சான்றின் கடைசி நாள் அறுவடையின் நடுவில் வருமாயின், அறுவடைக்கு முன்பே புதுப்பித்துக்கொள்ளல் நலம்.

சான்று மறுக்கப்படின் மனம் சோர வேண்டியதில்லை. மறுப்பதற்குரிய காரணங்களை எழுத்து மூலமாகத் தரவேண்டும் என்று 56-ஆம் பிரிவே கூறுகிறது. அதனைத் தவறாமல் கேட்டுப் பெறுங்கள். அக்காகிதத்தைப் பட்டறையில் காட்டினால், செய்யவேண்டிய வேலை எது, வேண்டாதது எது என்பது ஐயமின்றி விளங்கும். வீண் செலவும் தவிரும்.

பஞ்சாயத்துகளின் பங்கு

ஊரிலுள்ள சரக்கு ஆட்டோ, வேன், லாரி, டிராக்டர் ஆகியவற்றின் பட்டியலையும், அவற்றின் சான்று முடியும் நாட்களையும் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கலாம். பள்ளிகள் திறக்குமுன் நடைபெறும் மே 1 கிராம சபைக் கூட்டத்தில், குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளைப் பற்றித் தனியே விசாரித்தல் மிகவும் பொருத்தமானது. அறுவடைக்கு முன்னர் ஊர் மெக்கானிக்குகளை ஒருங்கு கூட்டி, டிரெய்லர்களுக்குப் பின்விளக்கும் ஒளிப்பட்டையும் பொருத்தும் முகாம் ஒன்றை ஒரே நாளில் நடத்திவிடலாம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அங்கத்தினர்களின் ஊக்கமே தேவை.

சாலை போடுவதும் பாலம் கட்டுவதும் அபிவிருத்தியே. அச்சாலையில் காலையில் சென்றவர் மாலையில் பத்திரமாக வீடு திரும்புவதும் அபிவிருத்தியின் ஓர் அங்கமாகும். பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் இவ்வாரத்திலேயே தத்தம் வண்டிகளின் சான்று முடியும் நாளைப் பார்த்து, நம்பகமான ஒரு பட்டறையில் வண்டியைக் காட்டுவார்களாக.