மூன்று முறை கட்டப்படும் நிரல்

சி மொழியில் ஒரு சின்னக் கணக்கு. கொடுத்த எண்ணைப் பத்தால் வகுத்து ஈவைத் தரவேண்டும். நிரலாளர் இதை ஒரே வரியில் எழுதிவிடுவார். அந்த வரியை ஜிசிசி என்ற கம்பைலரிடம் கொடுத்து, நம் மேசைக் கணினிக்காக அது ஆக்கித் தரும் இயந்திர மொழியைப் பிரித்துப் பார்த்தால் வகுத்தலையே காணோம். எண்ணை 3435973837ஆல் பெருக்கு, விடையை 35 இடம் வலப்பக்கம் தள்ளு என்றுதான் இருக்கிறது. இரும எண்ணை 35 இடம் தள்ளுவது, அதை 34359738368ஆல் வகுத்து மிச்சத்தை விட்டுவிடுவதற்குச் சமம். 99ஐ வைத்துச் செய்து பாருங்கள். பெருக்கினால் 340161409863, தள்ளினால் 9. அதுவே 100 என்றால் 10. 32 பிட்டுக்குள் அடங்கும் 429 கோடிக்கும் மேற்பட்ட எண்களில் ஒன்றில்கூட இந்தக் கணக்கு பிசகாது.

செயலிக்கு வகுத்தல் சிரமமான வேலை. பெருக்கல் அதைவிடச் சுளுவாக முடியும். எந்த எண்ணால் வகுத்தாலும் அதற்கேற்ற பெருக்கும் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை டோர்ப்யோர்ன் கிரான்லுண்ட், பீட்டர் மான்ட்கோமரி இருவரும் 1994இல் நிறுவிக்காட்டி, ஜிசிசிக்குள்ளும் சேர்த்தார்கள். அதன்பின் ஜிசிசியில் வகுத்தலை எழுதிய நிரலாளர்களில் பெரும்பாலோருக்கு இது நடப்பதே தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

மனிதர் எழுதும் மூலநிரலைச் செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலரின் தொழில். ஜிசிசியின் முதல் சோதனைப் பதிப்பை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987 மார்ச்சில் வெளியிட்டார். இன்று சோதனைகளையும் சேர்த்தால் அதில் ஒரு கோடி வரிக்கு மேல் இருக்கிறது. லினக்ஸ் கெர்னலும் அதைச் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான நிரல்களும் பெரும்பாலும் இதன் வழியாகவே உருவாகி வந்தவை. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் இதன் வேலை முடியவில்லை, முடியப்போவதும் இல்லை. புதிய செயலிகள் வருகின்றன, மொழிகளின் இலக்கணம் மாறுகிறது, பழைய வழுக்கள் இன்னும் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

இந்த நிரலைக் கட்டும் விதமே வியப்பானது. ஜிசிசியின் மூலநிரலும் சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதை இயந்திர மொழியாக்க ஏற்கெனவே ஒரு கம்பைலர் வேண்டும், தயிர் தோய்க்க நேற்றைய தயிரில் ஒரு கரண்டி வேண்டியிருப்பதைப் போல. முதலில் கணினியில் கைக்குக் கிடைக்கும் கம்பைலரைக் கொண்டு புதிய ஜிசிசியைக் கட்டுகிறார்கள். இது முதல் நிலை. அந்த முதல் நிலை ஜிசிசியிடமே அதே மூலநிரலைக் கொடுத்து மறுபடி கட்டுகிறார்கள். அப்படி வந்த இரண்டாவதை வைத்து மூன்றாவதைக் கட்டுகிறார்கள். அதோடு இரண்டாவதையும் மூன்றாவதையும் பைட் பைட்டாக ஒப்பிடுகிறார்கள்.

ஏன் முதலாவதை விட்டுவிட்டு இந்த இரண்டை மட்டும் ஒப்பிடவேண்டும்? முதலாவதைக் கட்டியது வேறொரு கம்பைலர், ஆகவே அதன் பைட்டுகள் வேறாக இருக்கலாம். ஆனால் அது நடந்துகொள்ளும் விதம் புதிய மூலநிரல் சொல்கிறபடி இருந்தாகவேண்டும். அது கட்டிய இரண்டாவதும் அப்படியே நடந்துகொள்ளவேண்டும். ஒரே மாதிரி நடந்துகொள்ளும் இரண்டு கம்பைலர்களிடம் ஒரே மூலநிரலைக் கொடுத்தால் ஒரே விளைவுதானே வரவேண்டும்? ஒரு பைட் மாறினாலும் எங்கோ ஒரு மொழிபெயர்ப்பு தவறியிருக்கிறது என்று பொருள். கட்டுமானம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நிரல் தன்னையே தேர்வு வினாத்தாளாக வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைவிட அழகான ஒன்றைக் கணினித்துறையில் நான் அறியேன்.

அந்த அழகுக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் டூரிங் விருது உரையில் அதை எடுத்துக்காட்டினார். அந்த உரை 1984இல் அச்சாயிற்று. சி மொழியில் பின்சாய்கோடும் 'வி' எழுத்தும் சேர்ந்தால் ஒரு தனிக்குறி, அதன் எண் 11. இதை அறியாத கம்பைலருக்குக் கற்பிக்க, இந்தக் குறி வந்தால் 11 என்று கொள் என மூலநிரலில் எழுதிக் கட்டவேண்டும். அப்படிக் கட்டிய கம்பைலருக்கு இப்போது குறி தெரிந்துவிட்டது. அடுத்து 11ஐ எடுத்துவிட்டு, இந்தக் குறி வந்தால் இந்தக் குறியே என்று எழுதிக் கட்டினாலும் சரியாகவே வேலைசெய்யும். மூலநிரல் முழுவதும் தேடினாலும் இனி அந்த 11 கிடைக்காது. அது கட்டி முடித்த கம்பைலருக்குள் மட்டும் வாழ்கிறது, ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறைக்கு அதைக் கைமாற்றுகிறது.

தீங்கையும் இதே வழியில் கடத்தலாம் என்பதே தாம்சனின் எச்சரிக்கை. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரலைக் கட்டும்போது ஒரு கள்ளவழியைச் சேர்த்துவிடு, கம்பைலரையே கட்டும்போது இந்தத் தந்திரத்தையும் சேர்த்துவிடு என்று ஒரு முறை கம்பைலருக்குள் புகுத்தினால் போதும். பிறகு மூலநிரலைத் துடைத்து வைத்தாலும் கள்ளவழி தொடரும். மூலநிரலை எத்தனை பேர் வரிவரியாகப் படித்தாலும் பயனில்லை. மூன்று நிலைச் சோதனையும் இதைப் பிடிக்காது, தந்திரம் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒன்றுபோலவே இருக்கும்.

அன்றாடப் பராமரிப்பு இத்தனை மர்மமானதல்ல, ஆனால் பொறுமையைக் கேட்பது. யூட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று தற்போக்கான சி நிரல்களைத் தானாகவே எழுதித்தள்ளும் சிஸ்மித் என்ற கருவியைச் செய்து, பல கம்பைலர்களைச் சோதித்தது. முன்பு அறியப்படாத 325க்கும் மேற்பட்ட வழுக்களைக் கண்டு தெரிவித்ததாக 2011இல் எழுதியது. சோதித்த கம்பைலர் ஒவ்வொன்றும் சரியான நிரலைச் சத்தமில்லாமல் தவறாக மொழிபெயர்த்திருந்தது. ஒரு வழு வந்தால் முதலில் அதைக் காட்டும் பெரிய நிரலை வெட்டி வெட்டிச் சில வரிகளுக்குக் கொண்டுவருகிறார்கள். எந்த மாற்றத்துக்குப் பிறகு பிழை தோன்றியது என்று பழைய பதிப்புகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுகிறார்கள். திருத்தியதும், குறுக்கப்பட்ட அந்தச் சிறு நிரல் சோதனைத் தொகுப்பில் சேர்ந்துவிடும், பெரும்பாலும் வழுவின் எண்ணையே பெயராகக் கொண்டு. அதன்பின் யார் எதை மாற்றினாலும் அந்தச் சோதனையையும் தாண்டியே வரவேண்டும்.

ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு. இலையுதிர்காலம் வரை புதிய வசதிகள், பிறகு வழுத் திருத்தம் மட்டும், ஜனவரிக்குப் பிறகு முன்பு சரியாக இருந்து இப்போது கெட்டுப்போனவற்றைச் சீராக்குவதே முதல் வேலை. அவற்றில் மிகக் கடுமையானவை என்று குறித்த பட்டியல் காலியானால்தான் வெளியீடு.

இந்த வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது 2024 மே மாதம் வந்த 14ஆம் பதிப்பு. பழைய சி மொழியில், முன்னால் அறிவிக்காத ஒரு செயற்கூறை அழைத்தாலும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். அது முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று தானாகவே அனுமானித்துக்கொள்ளும். 64 பிட் கணினிகளில் இந்த அனுமானம் விபரீதமானது. செயற்கூறு திருப்பித் தருவது 64 பிட் நினைவக முகவரி என்றால், 32 பிட் எண்ணாக எண்ணி அதன் மேல்பாதியை வெட்டி எறிந்துவிடும். 1999இல் வந்த மொழித்தரம் இந்தச் சலுகையை நீக்கிவிட்டது. ஜிசிசியோ இருபத்தைந்து ஆண்டுகள் அதிகம்போனால் எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு, 14ஆம் பதிப்பில்தான் பிழை என்று நிறுத்தத் தொடங்கியது.

இவ்வளவு தாமதம் சோம்பலால் வந்ததல்ல. பழைய நிரல்கள் பல, தங்களைக் கட்டுவதற்கு முன்னால் ஓர் ஆயத்த நிரலை ஓட்டும். இந்தக் கணினியில் இன்ன வசதி உண்டா என்று பார்க்க அது நான்கைந்து வரியில் ஒரு சோதனையை எழுதிக் கம்பைலரிடம் கொடுக்கும். ஏற்றுக்கொண்டால் வசதி உண்டு, மறுத்தால் இல்லை. அந்த நான்கைந்து வரிகளே பல இடங்களில் பழைய பாணியில், அறிவிப்பே இல்லாமல் எழுதப்பட்டிருந்தன. கம்பைலர் கண்டிப்பானால் ஆயத்த நிரல் பிழை என்று கத்தாது. வசதி இல்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டி மேலே போய்விடும். நிரலும் கட்டி முடியும், அதில் ஒரு பாகம் மட்டும் ஓசையின்றிக் காணாமல் போயிருக்கும். ஃபெடோரா லினக்ஸைப் பராமரிப்பவர்கள் இதைத் தேடிப்பிடிக்கவே தனியாக மாற்றியமைத்த கம்பைலரைக் கொண்டு தங்கள் நிரல்களைக் கட்டிப் பார்த்தார்கள். எழுதியவர்களே கைவிட்டுப்போன நிரல்களுக்கும் திருத்தங்கள் எழுதினார்கள். புதிய வசதியைச் சேர்ப்பவரின் பெயர் பரவுகிறது. இவர்கள் செய்த வேலை வெற்றியடைந்ததற்கு அடையாளம், யாருக்கும் எதுவும் தெரியாமல் போனதுதான். எனக்கு இரண்டாவது வேலையே பெரியதாகப் படுகிறது.

தாம்சனின் எச்சரிக்கைக்கும் பதில் தேடினார்கள். 2023இல் குனூ கைக்ஸ் என்ற லினக்ஸ் தொகுப்பின் குழுவினர் 357 பைட் மட்டுமே உள்ள ஒரு நிரலிலிருந்து தொடங்கி ஜிசிசி வரை ஏறிக்காட்டினார்கள். பதினாறடிமான எண்களைப் பைட்டுகளாக மாற்றுவது மட்டுமே அந்தச் சிறு நிரலுக்குத் தெரியும். அதைக் கொண்டு கொஞ்சம் பெரிய கருவி, அதிலிருந்து எளிய சி கம்பைலர், பிறகு மெஸ், டைனிசிசி என்ற கம்பைலர்கள், அங்கிருந்து பழைய ஜிசிசி. அடியில் கிடக்கும் கெர்னலையும் செயலியையும், கட்டுமானத்தை நடத்தும் நிரலையும் நம்பித்தான் ஆகவேண்டும். ஆனால் கண்ணால் படிக்கமுடியாத கம்பைலர் ஒன்றை முன்னோர் சொத்தாக வாங்கிக்கொள்ளும் தேவை போய்விட்டது.

இந்த ஏணியில் பழைய பதிப்புகளுக்கு மறுபடி வேலை கிடைத்திருக்கிறது. 2013இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து ஜிசிசியைக் கட்ட சி பிளஸ் பிளஸ் கம்பைலர் கட்டாயம். வெறும் சி கம்பைலரிலிருந்து ஏறி வருபவர்கள் அதற்கு முந்தைய பதிப்புகளின் வழியாகத்தான் வரமுடியும். 1999இல் தொடங்கிய 2.95 வரிசையின் மூலநிரல் அதனால் இன்றும் எடுக்கப்பட்டு, திருத்தப்பட்டு, கட்டப்படுகிறது.