லெனோர்மான்ட் சீட்டு கற்க ஆசையா? முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டாரோ சீட்டுகளைப் பற்றித் தேடுபவர்களுக்கு அடுத்ததாகக் கண்ணில் படும் பெயர் லெனோர்மான்ட். டாரோவில் 78 சீட்டுகள். இதில் 36 மட்டுமே. படங்களும் எளிமையானவை: கப்பல், வீடு, நாய், கடிதம், சாவி. ‘அட, இதைச் சீக்கிரம் கத்துக்கலாமே’ என்று தோன்றும்.

குழப்பம் இரண்டாவது புத்தகம் வாங்கும்போது ஆரம்பிக்கிறது. ‘இந்த வேலைக்குப் போகலாமா?’ என்று கேட்டுச் சீட்டு எடுக்கிறீர்கள். நரி வருகிறது. ஒரு புத்தகம், ‘யாரோ ஏமாற்றுகிறார்கள்’ என்கிறது. இன்னொரு புத்தகத்தில் நரி என்றாலே வேலை, அன்றாடப் பிழைப்பு. கேள்வி ஒன்று, சீட்டும் ஒன்று. பதில் மட்டும் இரண்டு. அதனால்தான், எந்தச் சீட்டுக்கட்டு அழகாக இருக்கிறது என்பதைவிட, எந்தப் புத்தகத்தில் தொடங்குகிறோம் என்பது முக்கியமாகிறது.

இந்தச் சீட்டுகள் எங்கிருந்து வந்தன?

மேரி ஆன் லெனோர்மான்ட் (1772–1843) பாரிஸில் புகழ்பெற்ற குறி சொல்லும் பெண்மணி. நெப்போலியனின் மனைவி ஜோசபினுக்குக் குறி சொன்னதாகத் தானே எழுதிக்கொண்டவர். ஆனால், இன்று அவர் பெயரில் விற்கும் 36 சீட்டுகளை அவர் உருவாக்கவில்லை.

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரைச் சேர்ந்த யோஹான் காஸ்பர் ஹெக்டெல், 1799 வாக்கில் ‘நம்பிக்கை விளையாட்டு’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு விளையாட்டை உருவாக்கினார். 36 சீட்டுகளை வரிசைக்கு ஆறாக அடுக்கி, தாயக்கட்டை உருட்டிக் காயை நகர்த்த வேண்டும். நம்ம ஊர் பரமபதம் மாதிரிதான். 35ஆவது சீட்டான நங்கூரத்தை அடைபவருக்கு வெற்றி. அந்த விளையாட்டின் பிரதி ஒன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

லெனோர்மான்ட் இறந்த பிறகு, அவருடைய புகழை வைத்து வியாபாரம் செய்ய நினைத்தவர்கள் அதே படங்களை அவர் பெயரில் குறி சொல்லும் சீட்டாக வெளியிட்டார்கள். கூடவே, பிலிப் லெனோர்மான்ட் என்ற பெயரில் ஒரு விளக்கத் தாளும் வந்தது. இன்றைய புத்தகங்கள் பலவற்றுக்கும் அந்தத் தாள்தான் மூலம்.

புத்தகத்தை எடைபோட இந்த வரலாறு உதவும். ‘நெப்போலியன் காலத்தில் லெனோர்மான்ட் அம்மையார் தன் கையால் வரைந்த சீட்டுகள்’ என்று ஒரு புத்தகம் தொடங்கினால், மற்ற பக்கங்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

நரிக்கு ஏன் இரண்டு அர்த்தம்?

சீட்டுகள் நாடு நாடாகப் பரவியபோது அர்த்தங்களும் மாறின. லில்லி மலரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் வழியில் எழுதப்பட்ட நூல்கள் பலவற்றில் அது குடும்பத்தையும் தாம்பத்தியத்தையும் குறிக்கும். வேறு சில நூல்களில் முதுமை, அனுபவம், நிதானம். கரடி ஓரிடத்தில் மேலதிகாரி, இன்னோரிடத்தில் பணம். வேலையைச் சிலர் நரியில் பார்க்கிறார்கள், சிலர் நங்கூரத்தில் பார்க்கிறார்கள்.

இதில் எது சரி, எது தப்பு என்ற கேள்விக்கே இடமில்லை. ஒவ்வொரு மரபும் தனக்குள் ஒழுங்காக இருக்கிறது. ஒரு புத்தகத்திலிருந்து நரி, இன்னொன்றிலிருந்து லில்லி என்று கலந்தால்தான் வம்பு. அப்போது தேவையான பதில் கிடைக்கும்வரை அர்த்தத்தை மாற்றிக்கொண்டே போகலாம். அதற்குச் சீட்டே தேவையில்லை.

வாங்கும் முன் எதைப் புரட்ட வேண்டும்?

முதலில் நரி, கரடி, லில்லி ஆகிய மூன்று சீட்டுகளின் பக்கங்கள். ‘நான் இந்த மரபைப் பின்பற்றுகிறேன், மற்றவர்கள் வேறு மாதிரி படிப்பார்கள்’ என்று ஆசிரியர் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் நம்பலாம்.

அடுத்து, சீட்டுகளைச் சேர்த்துப் படிக்கும் பகுதி. லெனோர்மான்டில் ஒற்றைச் சீட்டு அதிகம் பேசாது. இரண்டு சேர்ந்தால்தான் வாக்கியம். 36 சீட்டுகளில் வரிசை மாற்றி எடுக்கக்கூடிய ஜோடிகள் 1,260. எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் புத்தகம் பிற்பாடு அகராதியாக உதவலாம். முதல் புத்தகத்துக்கு, ஜோடியைப் படிக்கும் விதியைச் சொல்லித்தருவதே வேண்டும்.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வீட்டுத் தோட்டம்’ வேறு, ‘தோட்டத்து வீடு’ வேறு என்பது நமக்குத் தெரியும். நம் மொழியில் விளக்கும் சொல் முன்னால் வரும். ஆனால் ஆங்கில நூல்கள் பலவற்றில் முதல் சீட்டுதான் விஷயம். இரண்டாவது சீட்டு அதை விளக்குகிறது. வீடு, தோட்டம் என்ற வரிசையில் சீட்டுகள் வந்தால் பேச்சு வீட்டைப் பற்றியது. நம் பழக்கத்தில் படித்தால் தலைகீழாகிவிடும்.

கடைசியாக, 36 சீட்டுகளையும் ஒரே நேரத்தில் பரப்பும் ‘கிராண்ட் டாப்ளோ’ முறை. அதை இரண்டாம் அத்தியாயத்திலேயே திணிக்கும் புத்தகம் புதியவருக்கு ஆகாது. இரண்டு, மூன்று, ஐந்து, ஒன்பது சீட்டு என்று படிப்படியாக ஏற்றிச் செல்வதே நல்லது.

யாருக்கு எந்தப் புத்தகம்?

ஏற்கெனவே டாரோ தெரிந்தவர்களுக்கு மார்கஸ் காட்ஸும் டாலி குட்வினும் சேர்ந்து எழுதிய ‘லேர்னிங் லெனோர்மான்ட்’ (2013) பொருந்தும். ஒவ்வொரு சீட்டையும் காதல், வேலை, பணம் என்று பிரித்து, வாழ்க்கைச் சம்பவங்களோடு படிக்க விரும்புபவர்களுக்கு ரானா ஜார்ஜின் ‘தி எசென்ஷியல் லெனோர்மான்ட்’ (2014). நிதானமாக, விரிவாகப் படிப்பவர்களுக்கு கெயிட்லின் மேத்யூஸின் ‘தி கம்ப்ளீட் லெனோர்மான்ட் ஆரக்கிள் ஹேண்ட்புக்’ (2014). பழைய முறைதான் வேண்டும் என்பவர்கள் ஆண்டி போரோவெஷென்க்ராவின் ‘லெனோர்மான்ட்: தர்ட்டி சிக்ஸ் கார்ட்ஸ்’ நூலைப் பார்க்கலாம். நான்கும் ஆங்கில நூல்கள். நான்கில் ஒன்று போதும்.

சவப்பெட்டி வந்தால்?

எட்டாவது சீட்டு சவப்பெட்டி. முடிவு, நோய், நின்றுபோன காரியம் என்று புத்தகங்கள் பொருள் சொல்லும். உடம்பு சரியில்லாத ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இந்தச் சீட்டு வந்தால் என்ன சொல்வது? புத்தகத்தின் தரம் தெரியும் இடம் இதுதான்.

சீட்டுகள் எதிர்காலத்தைச் சொல்லும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. பலர் இதை ஒரு கலையாகவோ, மனதில் உள்ளதை யோசித்துப் பார்க்கும் வழியாகவோ வைத்துக்கொள்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்கலாம், வழக்கின் தீர்ப்பைச் சொல்லலாம், பணத்தை எங்கே போடலாம் என்று காட்டலாம் என்றெல்லாம் உறுதி தரும் புத்தகத்தை அப்படியே மூடிவைத்துவிடுங்கள். பயந்துபோய் ஒருவர் மாத்திரையை நிறுத்தினாலோ, பரிசோதனையைத் தள்ளிப்போட்டாலோ ஏற்படும் கேடு நிஜமானது. எதைச் சீட்டில் கேட்கக் கூடாது என்று ஒரு பக்கமாவது எழுதியிருக்கும் ஆசிரியரே நல்ல வாத்தியார்.

செலவில்லாமல் தொடங்க...

சீட்டுக்கட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டிய அவசியமும் உடனே இல்லை. லெனோர்மான்ட் சீட்டுகள் பலவற்றின் மூலையில் சாதாரணச் சீட்டின் அடையாளமும் இருக்கும். இதயம் ஹார்ட்டின் ஜாக், வீடு ஹார்ட்டின் ராஜா, பெண் ஸ்பேடு ஏஸ். வீட்டில் கிடக்கும் 52 சீட்டுகளில் 2, 3, 4, 5 எண்களை எடுத்துவிட்டால் மீதி சரியாக 36. ஒவ்வொன்றிலும் பெயரை எழுதிக்கொண்டால் பயிற்சிக்குப் போதும்.

பிறகு தினமும் இரண்டு சீட்டு எடுத்து, தோன்றுவதை ஒரே வரியில் நோட்டில் எழுதி, ராத்திரி சரிபாருங்கள். தவறியதையும் விடாமல் குறியுங்கள். மூன்று மாதம் ஒரே புத்தகம். அதற்குப் பிறகும் ஆர்வம் இருந்தால் இரண்டாவது புத்தகத்தைத் திறக்கலாம். அப்போது நரிக்கு வேறு அர்த்தம் போட்டிருந்தாலும், எந்த மரபு பேசுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.