கரையோடு நின்றுபோன எச்சரிக்கை

2017 நவம்பர் 30 காலை ஒக்கி புயலாக வலுத்தபோது, அது கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. முந்தைய நாள்தான் இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாகத் தொடங்கியிருந்தது. வங்கக் கடல் புயல் என்றால் நாகப்பட்டினத்துக்கோ ஆந்திரக் கரைக்கோ போகும் என்று பழகிய மாவட்டம் இது.

‘கடலுக்குப் போக வேண்டாம்’ என்ற அறிவிப்பு கரையில் இருந்தவர்களுக்குப் பயன்பட்டது. கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள சின்னமுட்டம் துறைமுகத்தின் விசைப்படகுகள் அன்றன்று கரை திரும்புபவை. அதே மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரர்கள் அப்படியல்ல. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள். அவர்களிடமிருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. தப்பிய படகுகள் சில லட்சத்தீவிலும், சில மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்திலும் ஒதுங்கின. தமிழகத்திலும் கேரளத்திலுமாக இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் இருநூறுக்கு மேல்.

யார் எந்தப் படகில் போனார் என்பதிலேயே குழப்பம். அரசின் கணக்கு ஒன்று, பங்குத்தந்தையர் வைத்திருந்த கணக்கு வேறொன்று. தேடுதலை விரைவுபடுத்தக் கோரி டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல்போனவரை இறந்தவராகக் கருத ஏழாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்திய பிறகே அந்தக் குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்க வழி பிறந்தது. உதவி கேட்கவும் ஒரு பட்டியல் வேண்டியிருக்கிறது!

தரையிலும் சேதம் குறைவில்லை. ரப்பரும் வாழையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் குடிநீரும் இல்லை. வெளிமாவட்ட மின் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் பழைய துணி மூட்டையைவிடத் தண்ணீர் கேனும் மரம் அறுக்கும் வாளும் ஜெனரேட்டரும்தான் பெரிய உதவி.

ஒக்கியில் ஆளிழந்த கேரளத்தின் பூந்துறை, விழிஞ்ஞம் பகுதி மீனவர்கள், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அம்மாநிலம் வெள்ளத்தில் மூழ்கியபோது லாரிகளில் படகுகளை ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். அந்த வெள்ளத்தில் கேரளக் கடலோர மீனவர்கள் மீட்டவர்கள் ஏறக்குறைய 65,000 பேர் என்றது அம்மாநில அரசு. அரசின் கடிதத்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

கருவிகளும் மாறியிருக்கின்றன. ஒக்கிக்குப் பின் இஸ்ரோ, செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தது. இப்போது படகிலிருந்தும் பதில் அனுப்பலாம். 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலுமாக ஒரு லட்சம் படகுகளில் இக்கருவியை இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. நவம்பர் பிறந்தால் வீட்டில் செய்ய வேண்டியது சில்லறை வேலைதான்: தொட்டி நிறையத் தண்ணீர், சார்ஜ் ஏற்றிய போன், கொஞ்சம் ரொக்கம், பிளாஸ்டிக் உறையில் ரேஷன் அட்டையும் பட்டாவும். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கரையில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. படகு கிளம்பும் முன் அதில் ஏறுகிறவர்களின் பெயர்களை எழுதி வீட்டில் ஒரு தாள், சங்கத்தில் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போக ஐந்து நிமிடம்கூட ஆகாது.