வங்கக் கடலுக்கு ஒரு மூடி

ஒரு கிலோ கடல் நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கு. உப்பு கூடினா அடர்த்தியும் கூடும். டம்ளர்ல உப்புத் தண்ணி எடுத்து, இங்க் கலந்த நல்ல தண்ணியை ஸ்பூன் வழியா மெதுவா ஊத்திப் பாருங்க. கலக்காம மேலேயே நிக்கும்.

வடக்கு வங்கக் கடலிலும் இதே கதைதான். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவரும் ஆத்துத் தண்ணி மேலே மூடி மாதிரி நிற்கிறது. பொதுவா புயல் காற்று கடலைக் கலக்கி, அடியில் இருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவரும். புயல் பலமும் குறையும். இங்கே மூடி அவ்வளவு சுலபமா கலக்க விடாது. மேல்நீர் சூடாவே இருக்கும், புயலுக்குத் தீனியும் கிடைக்கும்.

அதனால புயலைக் கணிக்க மேற்பரப்புச் சூடு மட்டும் போதாது. 2000 மீட்டர் ஆழம் வரை இறங்கும் ஆர்கோ மிதவைகள் உப்பையும் சேர்த்து அளப்பது இதுக்கும் உதவுது.