வீட்டுச் சண்டையில் வக்கீலுக்கு என்ன வேலை?

நம் வகுப்பில் ஒரு சிறுவன். விலாசம் எழுதச் சொன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு விழிப்பான். திங்கள் முதல் வெள்ளி வரையில் மயிலாப்பூரில் தாயார் வீடு; சனி, ஞாயிறு அடையாற்றில் தகப்பனார் வீடு. "ஸார், எதை எழுதட்டும்?" என்று அவன் கேட்டபோது நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்று மாலை தியாகராய நகரிலுள்ள வக்கீல் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். முப்பது வருஷமாகக் குடும்ப வழக்குகளையே நடத்தி வருகிறவர் அவர். சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "அந்த மாதிரிக் குழந்தைகளை நினைத்தால்தான் ஐயா, எனக்கு இராத் தூக்கம் கெடுகிறது" என்றார்.

வக்கீல்களுக்கும் மயிலாப்பூருக்கும் உள்ள சம்பந்தம் நேயர்கள் அறிந்ததே. ஸர் வி. பாஷ்யம் ஐயங்கார், ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயர், வி. கிருஷ்ணசாமி ஐயர் ஆகியோர் புகழோடு விளங்கிய நாளில், குடும்ப வழக்கு என்றால் பெரும்பாலும் பாகப்பிரிவினை, தத்து, உயில் இவைதாம். அந்தச் சிக்கல் வக்கீலின் சொந்த வீட்டையும் விடவில்லை. பொதுக் குடும்பப் பணத்தில் படித்தவன் பின்னால் சம்பாதிக்கும் பொருளில் சகோதரர்களுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி எழுந்தது. கல்வியால் வரும் சம்பாத்தியம் சம்பாதித்தவனுக்கே உரியது என்று பாஷ்யம் ஐயங்கார் சென்னைச் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். சபை நிறைவேற்றியும் கவர்னர் சம்மதம் தரவில்லை. 1930-இல்தான் அது சட்டமாயிற்று.

அந்நாளைய குடும்ப வக்கீல் குடும்ப வைத்தியரைப் போன்றவர். தாத்தாவின் உயிலை எழுதியவரே பேரனின் கிரயப் பத்திரத்தையும் எழுதுவார். ஆனால் அவர் யாருடைய வக்கீல்? கூடத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பத் தலைவருடைய வக்கீல்! சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற பெண்மணியின் குரல் அவர் காதில் விழுந்தது அபூர்வம்.

காலம் மாறியது. ஹிந்துக்களுக்கு விவாகரத்து உரிமை தரும் சட்டம் 1949-இல் சென்னை மாகாணத்திலும், 1955-இல் தேசம் முழுவதிலும் வந்தது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிள்ளையைப் போலவே பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் விதித்தது. 2005-இல் தேசமும் அதை ஏற்றது. ஒரே வீட்டில் இப்போது பல உரிமைக்காரர்கள். கணவனுக்கு யோசனை சொன்ன வக்கீல் அதே விவகாரத்தில் மனைவிக்காக ஆஜராவது தொழில் விதிக்கு விரோதம். "இரண்டு பேரையும் கல்யாணப் பந்தலில் வாழ்த்தியவன் நான். இன்று ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது" என்றார் நண்பர்.

இத்தொழிலில் இன்னொரு விசித்திரம் உண்டு. 1984-ஆம் வருஷத்துக் குடும்பநல நீதிமன்றச் சட்டப்படி, வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கேட்க முடியாது. நீதிபதியின் அனுமதி வேண்டும். முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கட்டளை. வக்கீல் புகுந்தால் சண்டை வளரும் என்று சட்டம் செய்தவர்கள் பயந்தார்கள் போலும்! நண்பர் சிரித்தார். "அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. கோபத்தோடு வருகிற கட்சிக்காரர் சொல்வதையெல்லாம் மனுவில் எழுதிவிடலாம். அவர் சந்தோஷப்படுவார், நமக்கும் வழக்கு நீளும். ஆனால் எழுதின சொல்லை எதிர்க்கட்சி ஆயுள் உள்ளவரை மறக்காது. நான் முதல் நாள் எழுதுவதே இல்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொல்வேன்." அந்த ஒரு வாரத்தில் சிலர் திரும்பி வருவதில்லையாம். வீட்டுக்கு அது லாபம், வக்கீலுக்கு நஷ்டம். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கவும் தொழில் விதி இடங்கொடாது. சண்டையை மேஜையடியிலேயே முடிக்கிறவருக்குப் பீஸ் குறைவு என்பதுதான் இத்தொழிலின் தர்மசங்கடம்.

அப்படியானால் எல்லாவற்றையும் சமரசம் செய்துவிடலாமா? கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இல் சமரச மையம் திறக்கப்பட்டது. அதனால் நன்மை அடைந்தவர் பலர். ஆயினும், அடிபட்டு வந்தவளிடம் "பொறுத்துப் போ அம்மா" என்பது சமரசம் ஆகாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டமும் அதே 2005-இல் பிறந்ததுதான். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பாரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணத்தோடு வெளியிட வேண்டும் என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் விதித்தது. சம்பளத்தை மறைத்துவிட்டுச் சமாதானம் பேசுகிறவரிடம், "முதலில் கணக்கைக் காட்டும்" என்று கேட்பதும் வக்கீலின் கடமையே. எந்த வீட்டில் சமாதானம் பேசுவது, எந்த வீட்டில் போராடுவது என்று பிரித்தறிவதில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

கடைசியில் நம் சிறுவனிடம் வருவோம். தகப்பனாருக்கு ஒரு வக்கீல். தாயாருக்கு ஒரு வக்கீல். அவனுக்கு? குழந்தையின் நலனே தலையாயது என்று 1956-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. சுயமாக யோசிக்கும் வயது வந்திருந்தால் குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம் என்று அதற்கும் முந்தைய 1890-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. ஆனால் நீதிபதியிடம் போவதற்கு எவ்வளவோ முன்பே மனு தயாராகிவிடுகிறது. "தன் கட்சிக்காரருக்காகத்தான் வக்கீல் பேச வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் மனுவில் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதும்போது, பத்து வருஷம் கழித்து அந்தப் பையன் இதைப் படிப்பான் என்று நினைத்துக்கொள்வேன்" என்றார் நண்பர். இதைவிடச் சிறந்த தொழில் விதி வேறு என்ன வேண்டும்?

மறுநாள் சிறுவனிடம், "இரண்டையும் எழுது தம்பி, இரண்டும் உன் வீடுதான்" என்றோம். அவனும் எழுதினான். அவை இரண்டும் அவனுக்கு வீடாகவே இருப்பது பெற்றோர் கையில் இருக்கிறது. கொஞ்சம் வக்கீல்கள் கையிலும் இருக்கிறது.