பச்சக்குழந்தை வயித்துல காத்து: எக்ஸ்ரே ஏன் அவசரம்?

இன்னைக்குக் கொஞ்சம் சொந்தக் கதை. எங்க ஊர் குற்றாலம். அக்காவுக்கு எட்டாம் மாசத்துலயே குழந்தை பிறந்து, தென்காசியில ஒரு ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். பத்தாவது நாள் வயிறு உப்பிருச்சு. பச்சையா வாந்தி. "வெறும் காத்துதான், வசம்பு போட்டா சரியாப் போகும்"னாங்க ஆச்சி. டாக்டரோ முதல்ல பாலை நிறுத்தினார். எங்களுக்கு ஒரே கோபம்.

ஏன் நிறுத்தினார்னு பிறகுதான் புரிஞ்சது. குடலுக்குள்ள காத்து இருக்கிறது சகஜம். அதே காத்து குடலுக்கு வெளியே, வயித்துக்குள்ள வந்துட்டா, பெரும்பாலும் எங்கேயோ ஓட்டை விழுந்திருக்குன்னு அர்த்தம். குறைமாதக் குழந்தைகளுக்கு இதுக்கு முக்கியக் காரணம் என்.இ.சி., அதாவது குடல் வீங்கி அழுகுற நோய். அந்த ஓட்டை வழியா பாலும் கிருமியும் கசியும். அதனாலதான் பாலை நிறுத்துறாங்க.

கண்டுபிடிக்க எக்ஸ்ரே எடுப்பாங்க. மல்லாக்கப் படுக்க வச்சு ஒண்ணு, இடப்பக்கம் கீழே இருக்கிற மாதிரி ஒருக்களிச்சு ஒண்ணு. காத்து மேலே ஏறும் இல்லையா? ஒருக்களிச்ச படத்துல அது கல்லீரலுக்கு மேல கறுப்பா நிக்கும். மல்லாந்த படத்துல குடல் சுவரோட ரெண்டு பக்கமும் தெளிவாத் தெரிஞ்சா 'ரிக்லர் அடையாளம்'. 1941-ல லியோ ரிக்லர்ங்கிற டாக்டர் எழுதினது.

அடுத்து மூக்கு வழியா குழாய் விட்டு வயித்தைக் காலி பண்ணுவாங்க. டிரிப்ஸ், ஆன்டிபயாட்டிக், உடம்புச் சூடு குறையாம பாத்துக்கிறது, எல்லாம் ஒண்ணா நடக்கும். பிறகு ஆபரேஷன். ரொம்பச் சின்னக் குழந்தைன்னா, சில சமயம் முதல்ல வயித்துல ஒரு சின்னக் குழாய் மட்டும் வைப்பாங்க. வென்டிலேட்டர்ல இருக்கிற குழந்தைக்கு, அபூர்வமா, நெஞ்சுல கசிஞ்ச காத்தும் வயித்துக்கு இறங்கலாம். அப்போ குடல்ல ஓட்டையே இருக்காது. அதனால அதையும் யோசிச்சுட்டுத்தான் கத்தியை எடுப்பாங்க.

எங்களைத் திருநெல்வேலிக்கு அனுப்பினாங்க. அம்பது கிலோமீட்டருக்கு மேல. ஆம்புலன்ஸ்லயும் அந்த மூக்குக் குழாய் இருந்தது. அது இல்லைன்னா வழியிலயே வயிறு இன்னும் உப்பி, மூச்சு திணறியிருக்கும்.

நீங்க ஞாபகம் வச்சுக்க வேண்டியது இதுதான்: பிறந்த குழந்தைக்குப் பச்சை வாந்தி, கல்லு மாதிரி வயிறு, மலத்துல ரத்தம், சோர்வு — இதுல ஒண்ணு இருந்தாலும் வசம்பு, ஓமத்தண்ணி எதுவும் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைச்சா என்.இ.சி. வர்ற வாய்ப்பே குறையும்.

அந்தப் பய இப்போ சீசன் வந்தா ஐந்தருவியை விட்டு வர மாட்டேங்குறான். ஆச்சிதான் துண்டோட நிக்கிறாங்க.